தாத்தா வேஷத்துக்கு ஆள் தேவை

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சபையின் சாமான்களுக்கென்று ஓர் அறை உண்டு. ஆர்மோனியம், டிரம், கொயர் அங்கிகள், போன வருஷத்து நட்சத்திர விளக்கு வரை அதற்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொயர் செயலாளர் ஸ்டீவன் பையில் போட்டுக்கொண்டு திரிவான். ஒரே ஒரு சாமான் மட்டும் வருஷம் முழுக்க நோயலின் வீட்டில் இருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடி, வெள்ளைக் கையுறை. "அது உன்கிட்டயே இருக்கட்டும்டா. உன்ன வுட்டா இந்த வேஷத்துக்கு வேற யாரு கீறான்?" என்று ஸ்டீவன் பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தான்.

இந்தப் பெருமை நோயலுக்கு எப்படி வந்தது என்று சபையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவன் முன்பு கொயரில் பாடியவன். கேரல் ஆராதனையில் தனிப்பாடல் என்றால் நோயல்தான். குரல் நன்றாக இருந்தது. அது நன்றாக இருப்பது அவனுக்கும் தெரிந்திருந்தது, கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது. பிறகு சோரியாசிஸ் வந்தது. முழங்கையில் ஒரு சிவந்த தட்டாக ஆரம்பித்து, முதுகு, கால், தலை என்று உடம்பெல்லாம் பரவி, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டியது. கறுப்பு அங்கியில் செதில் உதிர்ந்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும். பக்கத்தில் நின்று பாடும் சாம்சன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமென் சொல்லிக்கொண்டே ஓர் அடி தள்ளி நின்றான். அடுத்த வாரம் ஸ்டீவன் கேக்கோடு வீட்டுக்கு வந்து, நோயலின் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னான். தொண்டை ஒன்றில்தான் நோயலுக்கு ஒரு குறையும் இல்லை.

தொண்டைக்கு ஓய்வு கொடுத்த கையோடு தாத்தா வேஷத்தைத் தலையில் கட்டினார்கள். அந்த வேஷத்தில் ஒரு வசதி இருந்தது. தோலில் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாது.

டிசம்பர் மாலைகளில் கொயர் வீடு வீடாகப் போய்ப் பாடும். சுரங்கக் காலத்து வீட்டு வரிசைகளை இங்கே லைன் என்பார்கள். ஒரு லைன் முடிந்து அடுத்த லைன் என்று போகும்போது நோயல் முன்னால் நடந்து, முகமூடிக்குள்ளிருந்து "ஹோ ஹோ" என்பான். அவனுக்குக் கொடுத்திருந்த பாட்டு அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் ஓடி வந்து கையுறையைப் பிடித்துக் குலுக்குவார்கள், தோளில் கை போட்டு செல்ஃபி எடுப்பார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைப் பார்த்தால் பத்து நாற்காலிக்கு அப்பாலிருந்தே கைகூப்பி, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று முடித்துக்கொள்வார்கள். கொரோனா வந்தபோது இவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. கை கொடுக்காமலிருக்க அரசாங்கமே உத்தரவு போட்டது. கொரோனா போன பிறகும் ஸ்டீவன் சட்டைப் பையில் சானிடைசர் பாட்டில் தங்கிவிட்டது. எல்லோருக்கும் கை கொடுப்பான், மற்றவர்களுக்குக் கொடுத்த பிறகு அந்தப் பாட்டில் வெளியே வராது. நோயலுக்குக் கொடுத்த பிறகு வரும்.

ரயிலிலும் இதே மரியாதைதான். நோயலுக்குப் பெங்களூர் ஓரத்து ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. ஸ்டீவனும் சாம்சனும் அதே காலை வண்டியில் பெங்களூருக்குப் போகிறவர்கள். கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கும் அந்த வண்டியில், பங்காருபேட்டையில் ஏறுகிற கூட்டம் ஜன்னல் ஓரத்துக்காகச் சட்டையைக் கிழித்துக்கொள்ளும். நோயலுக்கு மட்டும் ஜன்னல் ஓரம் தினமும் தானாகக் கிடைத்தது. "காத்தாட குந்துங்க அண்ணா" என்று சாம்சன் எழுந்து வழிவிடுவான். பிறகு தன் டிபன் பையை நடுவில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்காருவான். அந்தப் பை ஒரு நாளும் மேலே சாமான் தட்டில் ஏறியதில்லை.

நோயல் இதையெல்லாம் கவனிக்காதவன் போல இருந்தான். அவனிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. எல்லாவற்றையும் மரியாதை என்று எடுத்துக்கொள்வான். அவன் மனைவி ரெபேக்காவால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் படுக்கை விரிப்பை உதறுகிறவள் அவள். எண்ணெய், மருந்துக் கடைக்காரர் எடுத்துக்கொடுத்த ட்யூப், பூதிகோட்டையில் யாரோ கொடுத்த பொடி எல்லாவற்றையும் அவன் முதுகில் தேய்த்து அலுத்தவளும் அவள்தான். ஒரு நாள் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, ஒண்ணு பெரிய டாக்டர்கிட்ட வாங்க. இல்லியா, அந்த முகமூடிய வருஷம் பூரா மாட்டிக்கினு திரியுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவளுக்கு இரண்டும் ஒன்றில்லை என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவளோடு போனான்.

ஒயிட்ஃபீல்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்து, தோலைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஆளாக இருந்தாள். வெறும் கையால் அவன் முழங்கையைத் தடவி, திருப்பி, நகத்தை அழுத்திப் பார்த்தாள். பல வருஷமாக ரெபேக்காவைத் தவிர ஒருவரும் கூசாமல் தொடாத கை அது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழுகை வருவதை நினைத்து நோயலுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு என்ன ஆகணும், சொல்லுங்க" என்றாள் டாக்டர். அரிப்பு போகணும், தூக்கம் வரணும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"பாடணும் டாக்டர்" என்றான் நோயல். "கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ்ல. முகமூடி இல்லாம."

டாக்டர் ரெபேக்காவைப் பார்த்தாள். ரெபேக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"சரி. ரொம்ப தடிச்சுப் போச்சு, வெறும் ஆயின்ட்மென்ட் இதுக்கு ஆகாது. மாத்திரை ஒண்ணு, லைட் ஒண்ணு, ரெண்டும் சேர்த்துக் கொடுக்கறேன். மாத்திரை தோலை மெலிசாக்கும், அப்பத்தான் வெளிச்சம் உள்ள எறங்கும். சேர்த்துக் கொடுத்தா ரெண்டையும் கம்மியாவே கொடுக்கலாம். மாத்திரை தினமும் சாப்பாட்டோட. வாரத்துல மூணு தடவ லைட். அப்பப்ப ரத்தம் எடுத்து லிவர், கொழுப்பு ரெண்டும் பாக்கணும். உதடு காயும், உள்ளங்கை உரியும். குடி கூடாது. வெயில் கூடாது. இன்னொண்ணு, இது அடங்கும். அடியோட போயிடும்னு நான் சொல்லலை. ஒட்டவும் ஒட்டாது, அதை யார் கேட்டாலும் சத்தமாச் சொல்லுங்க."

வெளிச்சம் கொடுக்கும் பெட்டி ஆள் உயரத்துக்கு இருந்தது. உள்ளே சுற்றிலும் குழல் விளக்குகள். கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, மறைக்க வேண்டியதை மறைத்து, மற்றபடி பிறந்த மேனியாக நிற்க வேண்டும். நர்ஸ் மமதா கதவைச் சாத்தினதும் நோயலுக்குச் சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜ் ஞாபகம் வந்தது. ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் இரும்புக் கேஜில் நெருக்கியடித்து ஏறி, வெளிச்சமே இல்லாத பாதாளத்துக்குப் போனார்கள். இவன் கேஜில் தனியாக ஏறி வெளிச்சத்துக்குள் போகிறான், அதுவும் அம்மணமாக. விளக்கு எரிந்து, அவன் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் அணைந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டான். போகப் போகத்தான் நேரத்தைக் கூட்டுவோம் என்றாள் மமதா.

குணம் தெரிவதற்கு முன்னால் அலங்கோலம் தெரிந்தது. உதடு வெடித்தது, உள்ளங்கை சவ்வு சவ்வாக உரிந்தது. அதைப் பார்த்த சாம்சன் இரண்டாவதாக ஒரு பையும் கொண்டுவர ஆரம்பித்தான்.

ஜன்னல் ஓரம்தான் காலை வாரிவிட்டது. வெயில் கூடாது என்று டாக்டர் சொன்னது நோயலுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வெயில் என்றால் ரோட்டில் அடிப்பது என்று நினைத்தான். ரயிலுக்குள் அடிப்பது காற்றோட்டத்தில் சேர்த்தி. ஒரு வாரம் மேகமில்லாமல் அடித்த காலை வெயிலில் ஜன்னல் பக்கத்துக் கன்னமும் கையும் சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டன. மமதா பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"பிசிலு பேடா அந்த ஹேளித்னல்லா சார், வெயில் வேணாம்னு! இன்னிக்கு லைட் இல்லை. இது ஆறணும். எங்க நின்னீங்க வெயில்ல?"

"நிக்கல. குந்திக்கினு இருந்தேன். மரியாதை பண்ணி குந்தவெச்சாங்க."

அந்த வாரம் முழுக்க வெளிச்சம் கிடையாது என்றாகிவிட்டது. டிசம்பருக்குள் ஆகுமா என்ற கவலையில் நோயலுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. மறுநாள் ரயிலில் சாம்சன் எழுந்து வழிவிட்டபோது அவன் உள்ளே போகவில்லை.

"நீ ஜன்னல்ல குந்து. நான் நடுவுல குந்தறேன். டாக்டர் சொல்லிட்டாங்க."

சாம்சன் முகத்தில் ஈயாடவில்லை. நடுவில் என்றால் நோயலுக்கு ஒரு பக்கம் சாம்சன், மறு பக்கம் ஸ்டீவன். "அது வந்து அண்ணா... ஜன்னல் காத்து எனக்கு ஒத்துக்காது" என்று சாம்சன் கதவுப் பக்கம் நகர்ந்தான். ஸ்டீவனுக்குத் திடீரென்று அடுத்த பெட்டியில் ஒரு நண்பரின் ஞாபகம் வந்தது. அன்றைக்கு, கூட்டம் பிதுங்கி வழிந்த அந்த வண்டியில், மூன்று பேர் உட்காரும் இடத்தில் நோயல் ஒருவனாகக் கால் நீட்டிப் போனான். வெயில் படாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

நவம்பர் வருவதற்குள் செதில் உதிர்ந்து தோல் தெரிந்தது. முதுகில் பழுப்பாகச் சில தழும்புகள் மட்டும். ரெபேக்கா ஒரு காலையில் விரிப்பை உதறினாள், ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை உதறிப் பார்த்துவிட்டு அந்த விரிப்பிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? எது குணப்படுத்தியது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஸ்டீவனின் மனைவி சாரா, போன ஈஸ்டருக்குத் தான் கொடுத்தனுப்பிய ஆட்டுக்கால் சூப்தான் என்றாள். சாம்சன், பெங்களூர்த் தண்ணி என்றான். ஸ்டீவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "நம்ம சபை ஜெபம்டா. நான் உன் பேரச் சொல்லி முட்டி போட்டிருக்கேன். வர்ற வாரம் சபைக்கு முன்னாடி எழுந்து சாட்சி சொல்லு."

"மாத்திரையும் லைட்டும் ஸ்டீவா."

"அதையும் கர்த்தர்தான குடுத்தாரு?"

"ஆமா. அதனாலதான் அதையும் சாட்சில சொல்றேன்றேன்."

"மெடிக்கல் மேட்டரெல்லாம் சபையில எதுக்குடா?" என்றான் ஸ்டீவன். சாட்சி அப்படியே நின்றுபோனது.

கேரல் ஏற்பாட்டுக்குக் கமிட்டி கூடியது. நோயல் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பல வருஷமாக அவனிடம் அரைக்கைச் சட்டையே கிடையாது, இதற்காகவே வாங்கினது. எழுந்து நின்று, இந்த வருஷம் கொயரில் பாட வேண்டும், தனிப்பாடலும் தனக்கே வேண்டும் என்று கேட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். போதகர், "கர்த்தர் பெரியவர்" என்றார். ஆல்டோ குரலில் பாடும் சில்வியா மட்டும், "நல்லதுதான், அப்ப தாத்தா யாரு?" என்று கேட்டாள்.

கை தட்டல் அங்கே நின்றது. நோயல் தான் கொண்டுவந்திருந்த பையை மேஜை மேல் வைத்தான். உள்ளே பழைய வேஷம்.

"பங்காருபேட்டையில டிரை வாஷுக்குப் போட்டு வாங்கியாந்தேன். யார் வேணா போட்டுக்கலாம். இது ஒட்டற வியாதி இல்ல, டாக்டர் சத்தமாச் சொல்லச் சொன்னாங்க."

"ஐயோ, அது எங்களுக்குத் தெரியாதா அண்ணா?" என்றான் சாம்சன். "நாங்க எல்லாம் படிச்சவங்க. ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது." சொல்லிக்கொண்டே நாற்காலியை மேஜையிலிருந்து பின்னால் நகர்த்தினான். "ஆனா எனக்கு அளவு பத்தாது."

ஒருவருக்குப் பி.பி. ஒருவருக்குப் பஞ்சு என்றால் தும்மல். இன்னொருவர் ஷிஃப்டு மாறுகிறது என்றார், அவர் ரிட்டயராகி நாளாகிவிட்டது. ஒட்டாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கொயர் இவ்வளவு சுத்தமாக ஒரே சுருதியில் சேர்ந்து நோயல் கேட்டதே இல்லை. பையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. போதகர், விசுவாசத்தோடு ஒருவர் முன்வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆள் கிடைக்கலன்னா ஒண்ணும் பண்ண முடியாது நோயலு" என்றான் ஸ்டீவன். "தாத்தா இல்லாம கேரல் இல்ல. இந்த ஒரு வருஷம் நீயே போட்டுடு. பாட்ட அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் இந்தத் தோல் எப்படி இருக்கும் என்று டாக்டராலேயே சொல்ல முடியாது. நோயல் இதுவரை கமிட்டியில் எதிர்த்துப் பேசினதில்லை. இப்போதும் எதிர்க்கவில்லை. ரொம்பப் பணிவாகக் கேட்டான்.

"சபை ஜெபத்துல எனக்குப் பூரா குணமாயிடுச்சின்னு நீதான சொன்ன ஸ்டீவா? வியாதியே இல்லன்னா துணியில மட்டும் எப்படிடா இருக்கும்?"

ஸ்டீவன் பையைப் பார்த்தான், போதகரைப் பார்த்தான், பிறகு முகம் மலர்ந்தான்.

"வியாதிக்காக இல்லடா! இது சாயம் போயிடுச்சு. நம்ம சபைக்கு இது ஒரு மரியாதையா? புதுசு வாங்கிடலாம்."

ஒரு பல்பு மாற்றுவதற்கு மூன்று கூட்டம் போடும் கமிட்டி, புது வேஷத்துக்கு மூச்சு விடுவதற்குள் சம்மதித்தது. யார் போடுவது என்று சில்வியா மறுபடியும் கேட்டாள். புது வேஷம் என்றதும் பி.பி.யும் தும்மலும் குணமாகியிருக்கும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் அதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் வாய் வரவில்லை. "புதுசு யோசனை ஸ்டீவனோடது. அளவும் அவனுக்குச் சரியா இருக்கும்" என்றான் நோயல். எல்லோரும் அவசரமாகக் கை தட்டினார்கள்.

கேரல் ரவுண்டு ஆரம்பித்தது. நோயல் முகமூடி இல்லாமல், உதட்டில் வாசலைன் தடவிக்கொண்டு, வீடு வீடாக ஏறினான். சில்வியா வீட்டில் கேக்கைத் தட்டில் வைத்து நீட்டாமல் கையிலேயே கொடுத்தாள். சாரா வீட்டில் திராட்சை ஒயின் கொடுத்தார்கள், மாத்திரைக்கு ஆகாது என்று அவன் மறுத்ததில் சாராவுக்கு மனஸ்தாபம். சில வீடுகளில் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, அதை நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்தார்கள். நோயலுக்கு அதிலும் சந்தோஷம்தான் வந்தது. இப்படிப்பட்ட ஆட்களின் கைக்காகவா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று எரிச்சலும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு பாடினான்.

முன்னால் ஸ்டீவன் புது வேஷத்தில் நடந்தான். பளபளவென்ற நைலான் துணி, காற்று நுழையாது. குளிர் கொட்டும் டிசம்பரிலும் உள்ளே வியர்த்துக் கொட்டியது. சாயம் ஒரு பக்கம் இறங்கியது. மூன்றாவது லைன் முடிவதற்குள் சொறிய ஆரம்பித்தான். மறுநாள் கழுத்திலும் மணிக்கட்டிலும் புறங்கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

செய்தி எல்லா லைனுக்கும் கேரலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. நோயலின் வியாதி ஸ்டீவனுக்கு ஒட்டிவிட்டது. பழைய வேஷத்தை ஸ்டீவன் விரல் நுனியால்கூடத் தொட்டதில்லை, தொட்டுவிடக்கூடாது என்றே புதுசு வாங்கினவன். பிறகு எப்படி ஒட்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் படித்தவர்கள்.

திங்கட்கிழமை காலை வண்டியில் சாம்சன் எழுந்து நின்றான். நோயலுக்காக இல்லை.

"காத்தாட குந்துங்க ஸ்டீவன் அண்ணா" என்று ஜன்னலைக் காட்டினான். ஸ்டீவனின் முகம் வெளுத்தது. அந்தக் காற்றோட்டத்தின் அர்த்தம் அந்த வண்டியில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. போய் உட்கார்ந்தான். டிபன் பை நடுவில் இறங்கியது.

நோயலுக்கு உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் குதித்தது. கேவலமான சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம். அது அடங்கின பிறகு சாம்சனின் பையைத் தூக்கி மேலே போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தன் முழங்கை ஸ்டீவன் மேல் படாமல் இழுத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தான். பளாரென்று ஓர் அறை வாங்கின மாதிரி இருந்தது. முழங்கையைத் தளர்த்தி, வேண்டுமென்றே ஸ்டீவன் மேல் படும்படி வைத்தான்.

"துணி அலர்ஜிடா அது. எங்க டாக்டர்கிட்ட வா, ரெண்டு நாள்ல போயிடும்."

ஸ்டீவன் ஜன்னல் கம்பியோடு ஒண்டினான். "நான் உனக்காக ரொம்ப ஜெபம் பண்ணிட்டேன் நோயலு. அளவுக்கு மீறிப் பண்ணிட்டேன். உன்ன வுட்டு எனக்கு வந்துடுச்சு."

நோயலால் சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. ஒயிட்ஃபீல்டு வரும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கேரல் ஆராதனை. டாக்டரிடம் போகாத ஸ்டீவன் வேஷம் வேண்டாம் என்று கெஞ்சினான். தடிப்பின் மேல் அந்தத் துணி பட்டால் எரிகிறது என்றான். கமிட்டி உருகிப்போனது. "உங்கள வுட்டா இந்த வேஷத்துக்கு வேற யாரு கீறாங்க அண்ணா?" என்று சாம்சன் தள்ளி நின்றே சொன்னான். வேஷத்தை ஸ்டீவனே வைத்துக்கொள்ளும்படியும் தீர்மானமானது.

நோயல் தனிப்பாடலுக்கு முன்னால் வந்து நின்றான். கறுப்பு அங்கி, தோளில் ஒன்றும் இல்லை. முதல் வரியில் குரல் கொஞ்சம் பிசிறியது. இத்தனை வருஷம் "ஹோ ஹோ" என்று மட்டும் சொன்ன குரல் பின்னே எப்படி இருக்கும்? மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மாத்திரையில் காய்ந்த உதடு வெடித்து உப்புக் கரித்தது. அவன் நிறுத்தவில்லை. மூன்றாவது பெஞ்சில் ரெபேக்கா, பாட்டு முடிவதற்கு முன்னாலேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்திருந்தாள். நன்றாகப் பாடினானா என்று கேட்டால், முன்பு இதைவிட நன்றாகப் பாடியிருக்கிறான். ஆனால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு அது போதும்.

பாட்டு முடிந்து தாத்தா உள்ளே வந்தார். வழக்கம்போலக் கையுறையைப் பிடித்துக் குலுக்கக் கூட்டம் வந்தது, செல்ஃபியும் எடுத்தது. கடைசியில் நோயலின் முறை. ஸ்டீவன் கையுறையை நீட்டினான்.

"அத்த கழட்டு" என்றான் நோயல்.

"வேணாம்டா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

நோயலே விரல் நுனியைப் பிடித்துக் கையுறையை உருவினான். சிவந்து தடித்த கை வெளியே வந்தது. முதல் பெஞ்சு இரண்டாவது பெஞ்சின் மேல் சாய்ந்தது. நோயல் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தி, "ஹேப்பி கிறிஸ்துமஸ்டா" என்றான். மனதாரத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஸ்டீவன் முகமூடிக்குள் என்ன செய்தான் என்று தெரியவில்லை, தாடி மட்டும் நடுங்கியது. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட ஒரு கணம் கண் கலங்கியது.

பிறகு ஸ்டீவன் கையை மெல்ல உருவிக்கொண்டான். அந்தக் கை சிவப்பு அங்கியின் பைக்குள் போய், சானிடைசர் பாட்டிலோடு வெளியே வந்தது. தடித்த கை முழுக்க ஊற்றித் தேய்த்தான். வேண்டுமென்று செய்யவில்லை. நோயலைத் தொட்டால் அப்படித்தான் என்று கை பழகியிருந்தது.

நோயல் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் தன் உள்ளங்கையை அவன் முன்னால் விரித்து நீட்டினான்.

"எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்துடா. நானும் உன் கைய தொட்டேன் இல்ல?"

பாட்டில் ஸ்டீவன் கையில் அப்படியே நின்றது. முகமூடியின் ஓட்டைகள் வழியாகக் கண் இரண்டும் நோயலைப் பார்த்தன, கீழே பார்த்தன. பிறகு ஊற்றினான். மாத்திரையில் உரிந்திருந்த உள்ளங்கையில் அது நெருப்பாக எரிந்தது. நோயல் அவசரப்படாமல், சபை முழுக்கப் பார்க்கும்படி, விரல் இடுக்குவரை நன்றாகத் தேய்த்துக்கொண்டான்.